சத்தமில்லாமல் ஏறிய பேட்ச்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கெர்னலை மாற்றினேன், என் பேட்ச் செத்துவிட்டது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பதினாறு வருடமாக அடுத்தவர்கள் எழுதிய லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் உட்கரு) மேல் என் சொந்த ஒட்டுகளை, அதாவது பேட்சுகளை, சுமந்து திரிகிறவள் நான். பட்டது நிறைய. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

*

கேள்வி: சார், எங்கள் அளவீட்டுக் கருவிக்காக 5.10 கெர்னலின் மேல் 14 பேட்ச் வைத்திருந்தோம். இப்போது 6.12-க்குப் போகிறோம். 9 அப்படியே ஏறின. 2 மட்டும் ஃபஸ், ஆஃப்செட் என்று ஏதோ சொல்லிவிட்டு ஏறின. 3 ஏறவே இல்லை, ஏறாத துண்டுகள் போய்ச் சேரும் .ரெஜ் கோப்பைக் கையில் கொடுத்துவிட்டன. அந்த மூன்றோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். போதாததற்குக் கம்பைல் (நிரலை இயந்திர மொழியாக்குவது) பிழைகள் வேறு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: 'சார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகையில் என் படம் போடுவதில்லை, உங்கள் மேல் தப்பில்லை.

அந்த மூன்றை ஓரமாக வையுங்கள், அவை எங்கேயும் ஓடிவிடாது. முதலில் திறக்க வேண்டியது ஃபஸ் சொல்லிவிட்டு ஏறிய அந்த இரண்டை.

பேட்ச் கோப்பில் என்ன இருக்கிறது? மேலே இந்த மூன்று வரி இருக்கும், கீழே இந்த மூன்று வரி இருக்கும், நடுவில் இதைச் செருகு. அவ்வளவுதான். லாரி வால் 1985-இல் எழுதிய பேட்ச் கருவி அந்த ஆறு வரிகளைத் தேடிப் போகிறது. சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் மேலும் கீழும் நகர்ந்து பார்க்கும். அந்த நகர்வுக்குப் பெயர் ஆஃப்செட். அப்படியும் ஆறும் பொருந்தவில்லையா, ஓரத்து வரிகளை விட்டுக்கொடுக்கும். ஃபஸ் 1 என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஃபஸ் 2 என்றால் மேலே இரண்டு, கீழே இரண்டு. நீங்கள் தடுக்காவிட்டால் 2 வரை தானாகவே இறங்கிப்போகும். மிஞ்சுவது மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. ஆறு அடையாளம் சொல்லி ஒரு வீட்டுக்கு அனுப்பிய ஆள், கதவு என்று ஒன்று தென்பட்டதும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வது மாதிரி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சீரியல் போர்ட் டிரைவர், அதாவது கெர்னலுக்குள் இருந்து அந்தப் போர்ட்டை இயக்கும் நிரல். கருவி தூங்கி எழுந்தால் சிப்பில் ஒரு ரெஜிஸ்டர் (அமைப்பு மதிப்பை வைத்திருக்கும் சிறு இடம்) தன் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பிவிடும். அதில் எங்களுக்கு வேண்டிய மதிப்பை மறுபடி எழுத ஒரே ஒரு வரி. எழும்போது ஓடும் ரெஸ்யூம் ஃபங்ஷனின் கடைசியில், 'ரிட்டர்ன் 0'-வுக்கு முன்னால் சேர்த்திருந்தேன். என் வரிக்கு மேலே ஒரு வெற்று வரி, அதற்கும் மேலே சிப்புக்குத் துடிப்புத் தரும் கிளாக்கை ஓடவிடும் வரி. கீழே ரிட்டர்ன் 0, பிறகு ஃபங்ஷனை மூடும் அடைப்புக்குறி. நான்கு வருடம் ஒரு வம்பும் இல்லாமல் ஓடியது.

புதிய கெர்னலில் யாரோ ஒரு நல்லவர் அந்த ரெஸ்யூமைத் திருத்தியிருந்தார். கிளாக் உண்மையிலேயே ஓடத் தொடங்கியதா என்று சோதித்து, பிழை வந்தால் அதைத் திருப்பித் தரும்படி மாற்றியிருந்தார். முறையான திருத்தம், நான் பார்த்திருந்தாலும் தலையாட்டியிருப்பேன். அதில் ரிட்டர்ன் 0 போய், பிழை எண்ணைத் தரும் ரிட்டர்ன் வந்துவிட்டது. பேட்ச் கருவி என் வரிக்கு இடம் தேடியது. 17 வரி மேலே, தூங்கப் போகும்போது ஓடும் சஸ்பெண்ட் ஃபங்ஷன். அதன் கடைசியிலும் ஒரு வெற்று வரி, ஒரு ரிட்டர்ன் 0. ஃபஸ் 2-க்கு அது போதும். திரையில் வந்தது இவ்வளவுதான்: இரண்டாம் துண்டு 431-ஆம் வரியில் வெற்றி, ஃபஸ் 2, ஆஃப்செட் மைனஸ் 17. அதில் 'வெற்றி' என்பதை மட்டும் படித்துவிட்டு நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

எழுந்ததும் எழுத வேண்டியதைத் தூங்கப் போகும்போது எழுதிக்கொண்டிருந்தோம். அதுவும் கிளாக்கை நிறுத்திய பிறகு. சில சிப்புகள் அப்படிச் செய்தால் அங்கேயே உறைந்து நிற்கும். நின்றிருந்தால் அரை மணியில் பிடித்திருப்பேன். எங்கள் சிப் மூச்சுக் காட்டாமல் விழுங்கிக்கொண்டது. கருவி எழும், பேசும். வேகம் கூடும்போது மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பைட் காணாமல் போகும். கேபிளை மாற்றினோம். பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டோம். எதிர்முனையில் இருந்த மென்பொருள்காரரோடு நான் போட்ட சண்டைக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒன்பது நாள். பத்தாம் நாள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, திரையில் விரலை வைத்து வரிவரியாக இறங்கினேன். ரெஸ்யூமில் என் வரியைக் காணோம். எங்கேதான் போயிற்று என்று மேலே உருட்டினால், சஸ்பெண்டில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து பேட்ச் கட்டளையில் ஃபஸ் 0 என்று கொடுக்காமல் நான் எதையும் ஏற்றுவதில்லை. ஏறாவிட்டால் ஏறவில்லை என்று சொல்லட்டும், அது நேர்மை. நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் அப்ளை கட்டளை இந்த விஷயத்தில் கறார்; ஃபஸ் என்ற பேச்சே அதனிடம் கிடையாது. ஆனால் ஆஃப்செட்டுக்கு அதுவும் நகரும். அச்சில் வார்த்த மாதிரி இரண்டு ஃபங்ஷன் அடுத்தடுத்து இருந்தால் அதையும் ஏமாற்றலாம். அதனால் உங்கள் இரண்டையும், கூடவே அந்த ஒன்பதையும், ஏறிய பிறகு எந்த ஃபங்ஷனுக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். பதினொரு பேட்சுக்கு ஒரு மத்தியானம் போதும். எனக்கு ஒன்பது நாள் ஆனதை மறக்காதீர்கள்.

சுத்தமாக ஏறி, சுத்தமாகக் கம்பைலும் ஆகி, ஒன்றுமே செய்யாத பேட்சும் உண்டு. ரியல்டைம் பேட்சோடு (கெர்னலைக் குறித்த நேரத்துக்குள் பதில் தரவைக்கும் தொகுப்பு) பழகியவர்களுக்கு இது தெரியும். அதில் முன்பு கான்ஃபிக், அதாவது அமைப்புத் தேர்வின், பெயர் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி_ஃபுல். 5.3-இல் மூலக் கெர்னலுக்குள் வந்தபோது வாலை நறுக்கிவிட்டு ப்ரீஎம்ப்ட்_ஆர்டி ஆக்கினார்கள். பழைய பெயரை வைத்து 'இது இருந்தால் இதைச் செய்' என்று எழுதிய பேட்ச் இப்போதும் ஏறும், ஓடும். உள்ளே இருக்கும் வரிகள் மட்டும் கம்பைலருக்குப் போகவே போகாது. இல்லாத பெயரைக் கேட்பது சி மொழியில் பிழை இல்லை. 'இல்லை' என்று பதில் வரும், அதோடு சரி. பழைய .கான்ஃபிக்கையும் புதியதையும் ஒப்பிடாமல் விடாதீர்கள். கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் டிஃப்கான்ஃபிக் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இதற்காகவே இருக்கிறது.

இனி அந்த மூன்று. 5.10-இலிருந்து 6.12-க்கு ஒரே தாவாகத் தாவியதுதான் சிக்கல். நடுவில் 5.15, 6.1, 6.6 என்று நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் படிக்கட்டு மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு படியாக ரீபேஸ் செய்யுங்கள், அதாவது பேட்சுகளைப் பெயர்த்து அடுத்த பதிப்பின் மேல் வையுங்கள். ஒரே தாவில் வரும் மோதலில் நான்கு வருட மாற்றம் நான்கு அடுக்காகக் கிடக்கும், எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. படிப்படியாக வந்தால் ஒரு நேரத்துக்கு ஒரு அடுக்கு. கிட்டில் ரிரிரி என்று ஒரு வசதி உண்டு, பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஒரு மோதலை நீங்கள் ஒருமுறை தீர்த்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை தானே தீர்க்கும்.

கம்பைல் பிழைகளைப் பற்றி: நீங்கள் அனுப்பிய பட்டியலில் மூன்றை நான் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன். கிளாஸ்_கிரியேட் ஃபங்ஷன் தன் முதல் ஆர்க்யுமென்டை (கூப்பிடும்போது கொடுக்கும் மதிப்பு) 6.4-இல் இழந்தது. பிளாட்ஃபார்ம் டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் 6.11-இலிருந்து எதையும் திருப்பித் தராது; நீங்கள் இன்னும் 0 தந்துகொண்டிருக்கிறீர்கள். அன்அலைன்ட் ஹெடர் கோப்பு 6.12-இல் ஏஎஸ்எம் அடைவிலிருந்து லினக்ஸ் அடைவுக்குக் குடிபோனது. இவையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய சமாச்சாரம் இல்லை. காணாமல் போன பெயரைக் கிட் லாகில் (மாற்றங்களின் வரலாறு) தேடினால் அதை நீக்கிய கமிட், அதாவது பதிவான மாற்றம், அகப்படும். கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் உள்ளூர் டிரைவர்கள் எல்லாவற்றையும் தானே மாற்றித் தர வேண்டும் என்பது அங்கே நடைமுறை. ஆகவே உங்கள் டிரைவரின் அண்ணன் தம்பி யாராவது உள்ளே இருப்பார்கள். அவர்களுக்கு என்ன செய்தார்களோ, அதையே உங்களுடையதற்கும் செய்யுங்கள்.

*

கேள்வி: பிழை இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டது. ஆறு வார்னிங் மட்டும் வருகிறது. விட்டுவிடலாமா?

பதில்: அந்த ஆறில் 'ஃபங்ஷன் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை' என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அந்த ஃபங்ஷனை அழைக்கும் வரி இருந்த துண்டு எங்கோ தவறிவிட்டது. ஃபங்ஷனைக் கொண்டுவந்த துண்டு ஏறிவிட்டது, கூப்பிடும் துண்டு .ரெஜ் கோப்பில் தூங்குகிறது. மீதி ஐந்தை அப்புறம் பார்க்கலாம்.

*

கேள்வி: யாரோ ஒருவர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனுக்குப் பெயர் மாற்றுகிறார், ஆர்க்யுமென்டை எடுக்கிறார். வெளியே இருக்கும் எங்களுக்கு வேலை போகிறது. இவ்வளவு பெரிய திட்டத்தில் இந்தப் பொறுப்பின்மையை ஏன் யாரும் தட்டிக்கேட்பதில்லை?

பதில்: கேட்டிருக்கிறார்கள். பதிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். நிலைப் பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் ஒன்று கெர்னலின் ஆவண அடைவிலேயே இருக்கிறது. அதன் கோப்புப் பெயரே 'நிலையான ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றைக் கூப்பிடும் முறை) என்பது அபத்தம்' என்ற பொருளில்தான் இருக்கும். கோபத்தோடு படித்தால் கோபம் கூடும். இரண்டாம் முறை படியுங்கள்.

அவர்கள் தரும் வாக்கு ஒன்று உண்டு, ஆனால் அது வேறு எல்லையில். கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்களை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் காட்டும் கண்டிப்பு ஊரறிந்தது. பல வருடம் முன்பு கம்பைல் செய்த நிரல் இன்றைய கெர்னலிலும் ஓட வேண்டும். உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்கு அந்த வாக்கு இல்லை. நம் பேட்ச் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தம் போடாத வீட்டில் குடியிருந்துகொண்டு சுவரை இடித்துவிட்டார்கள் என்று நாம் கத்துகிறோம்.

ஏன் இடிக்கிறார்கள் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். டைமர். முன்பு ஒரு டைமரை அமைக்கும்போது, நேரம் வந்ததும் கூப்பிட வேண்டிய ஃபங்ஷனையும், அதற்குத் தர வேண்டிய ஓர் எண்ணையும் கொடுப்போம். நாம் எல்லோரும் அந்த எண்ணுக்குள் ஒரு பாயின்டரை (மெமரி முகவரியை) திணித்து அனுப்புவோம், வகை சோதனைக்கெல்லாம் டாட்டா காட்டிவிட்டு. மெமரியில் அந்த ஃபங்ஷன் முகவரியும் அந்த எண்ணும் ஒரே ஸ்ட்ரக்சரில் (தரவுத் தொகுப்பில்) அக்கம்பக்கத்தில் இருந்தன. எங்காவது ஒரு பஃபர் வழிந்து அதன் மேல் கொட்டினால், எதைக் கூப்பிடுவது, என்ன கொடுத்துக் கூப்பிடுவது, இரண்டையுமே தாக்குகிறவர் எழுதிவிடலாம். திருடனிடம் சாவியையும் வீட்டு முகவரியையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்த மாதிரி. பாதுகாப்பு வேலைகளுக்குப் பெயர்போன கீஸ் குக் முன்னின்று இதை மாற்றினார். எண் போனது, ஃபங்ஷனுக்கு டைமரின் பாயின்டரே வந்தது. நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொட்ட வேலை. 2018 ஜனவரியில் வந்த 4.15-இல் பழைய முறையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதம் என்னிடம் டைமர் பயன்படுத்திய பேட்ச் ஐந்து இருந்தன. சாபம் விட்டுக்கொண்டேதான் மாற்றினேன். நான்காவதை மாற்றும்போது, அந்த எண்ணுக்குள் நான் பல வருடமாகத் தவறான ஸ்ட்ரக்சரின் முகவரியைத் திணித்து வந்திருப்பது தெரிந்தது. முதல் உறுப்பு இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் பிழைத்திருந்தது. புதிய முறையில் கம்பைலரே கையைப் பிடித்தது. சாபத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

எல்லா மாற்றத்துக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். டெல்_டைமர் என்பதை 6.15-இல் டைமர்_டிலீட் என்று திருப்பிப் போட்டதில் எனக்குக் கிடைத்தது தட்டச்சுப் பயிற்சி மட்டும்தான்.

*

கேள்வி: இரவில் தானியங்கி அப்டேட் நடந்திருக்கிறது. காலையில் எங்கள் மாட்யூல் (கெர்னலில் தனியாக ஏற்றும் துண்டு) ஏறவில்லை. 'மாட்யூல் வடிவம் செல்லாது' என்கிறது. நேற்றுவரை ஓடிய அதே கோப்புதான். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பதில்: அதுதான் காரணம். நீங்கள் மாற்றவில்லை, கெர்னல் மாறிவிட்டது. கம்பைல் ஆகும்போது எந்தக் கெர்னலுக்காக, என்னென்ன அமைப்போடு என்ற முத்திரை ஒவ்வொரு மாட்யூலிலும் குத்தப்படும். வெர்மேஜிக் என்பார்கள். ஒரு புள்ளி பிசகினாலும் கெர்னல் உள்ளே விடாது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் கடைசி வரிகளைப் பாருங்கள், 'இது இருக்கிறது, இது இருந்திருக்க வேண்டும்' என்று இரண்டையும் அச்சடித்திருக்கும். ஃபோர்ஸ் போட்டு ஏற்றும் யோசனை வந்தால் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். ஸ்ட்ரக்சரில் ஓர் உறுப்பு இடம் மாறியிருந்தால் உங்கள் மாட்யூல் வேறு எதன் மேலோ எழுதும்.

இப்போதைக்கு, பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடருங்கள். பிறகு டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக மாட்யூலைப் பதிந்துவைத்தால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே மறுபடி கட்டிக்கொள்ளும். அந்தக் கெர்னலின் ஹெடர் பொதியும் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) கூடவே வந்திருக்க வேண்டும்; டிகேஎம்எஸ் இருந்தும் மாட்யூல் இல்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். செக்யூர் பூட் (கையொப்பம் உள்ளதை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) இயங்கினால், கட்டிய மாட்யூலில் கையொப்பமும் இட வேண்டும். அதற்கு வரும் பிழை சாவியைப் பற்றிப் பேசும், வடிவத்தைப் பற்றி அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று: டிகேஎம்எஸ் கம்பைல்தான் செய்யும். உங்கள் கோடு (நிரல் வரிகள்) புதிய கெர்னலுக்குப் பொருந்துமா என்று அதற்குத் தெரியாது.

*

கேள்வி: மேடம், நான் எல்லா இடத்திலும் கெர்னல் எண்ணைச் சோதித்து, 'இந்தப் பதிப்புக்கு மேல் என்றால் இப்படி, கீழ் என்றால் அப்படி' என்று எழுதிவிடுகிறேன். ஒரே கோடு எல்லாக் கெர்னலிலும் ஓடுகிறது. இதில் குறை ஏதும் உண்டா?

பதில்: முதலில் மேடத்துக்கு நன்றி.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். முதல் எண்ணை 65,536-ஆல் பெருக்கு, இரண்டாவதை 256-ஆல் பெருக்கு, மூன்றாவதை அப்படியே கூட்டு. மூன்றாவது எண்ணுக்கு 0 முதல் 255 வரைதான் இடம். யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்று அன்றைக்கு நினைத்திருக்கலாம். நீண்டகாலப் பதிப்புகள் போயின. 2021 பிப்ரவரியில் 4.4.256, 4.9.256 இரண்டும் வந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4.9.256-க்கு வரும் எண்ணும் 4.10.0-க்கு வரும் எண்ணும் ஒன்றே. '4.10-க்கு மேல் என்றால்' என்று எழுதிய எல்லாக் கோடும் ஒரே நாளில் தடம் மாறியது. இத்தனைக்கும் அந்த வெளியீட்டில் எண் கூடியதைத் தவிர வேறு எந்த மாற்றமும் இல்லை. என்ன உடைகிறது என்று பார்க்கவே அப்படித் தனியாக விட்டார்கள். பிறகு 255-ஐத் தாண்டினாலும் 255 என்றே காட்டும்படி ஒரு கட்டுப்போட்டார்கள். அதனால் இப்போது '4.9.260-க்கு மேலா' என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

அதைவிட அன்றாடத் தொல்லை, பெயரில் பழசும் உள்ளே புதுசுமாக இருக்கும் கெர்னல்கள். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் கெர்னல் முதலிலிருந்து கடைசிவரை 4.18 என்றே சொல்லிக்கொள்ளும். உள்ளே புதிய கெர்னல்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த மாற்றங்கள் ஏராளம். 4.18 என்று நம்பி நீங்கள் எடுக்கும் பாதை அங்கே தப்பு. அவர்கள் தனியாக ஒரு பதிப்பு மேக்ரோ (கம்பைலின்போது சோதிக்கக்கூடிய பெயர்) தருகிறார்கள், அதையும் சேர்த்துச் சோதிக்கலாம். சோதிக்கச் சோதிக்க உங்கள் கோப்பு, சட்டத்தைவிட விதிவிலக்கு அதிகமான அரசாணை மாதிரி ஆகிவிடும்.

எண்ணைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள். கட்டும் முன்பு, கிளாஸ்_கிரியேட்டை ஒரே ஆர்க்யுமென்டோடு கூப்பிடும் மூன்று வரித் துணுக்கு ஒன்றை எழுதி, அது இந்தக் கெர்னலில் கம்பைல் ஆகிறதா என்று பார்த்து, ஆனால் ஒரு மேக்ரோவை வரையறுங்கள். உங்கள் கோடு அந்த மேக்ரோவை மட்டும் பார்க்கட்டும். கெர்னலுக்கு வெளியே வளரும் கோப்பு முறைமையான ஓப்பன்இசட்எஃப்எஸ் காரர்கள் வருடக்கணக்காக இப்படித்தான் பிழைக்கிறார்கள். கட்ட நேரம் கொஞ்சம் கூடும். இந்தச் சோதனைகள் எல்லாம் தனியாக ஒரே ஹெடர் கோப்பில் இருக்கட்டும். நடுக் கோட்டில் பரப்பிவிட்டால் இரண்டு வருடம் கழித்து நீங்களே அதைப் படிக்கமாட்டீர்கள்.

*

கேள்வி: அப்டேட்டே செய்யாமல் இருந்துவிட்டால் என்ன?

பதில்: வலையோடு தொடர்பே இல்லாத, யாரும் எதையும் செருக முடியாத பெட்டி என்றால் தாராளமாக. மற்றபடி, நீண்டகாலப் பதிப்பும் ஒரு நாள் நிற்கும். 4.4 என்பது 2016-இல் வந்து 2022-இல் ஓய்வு பெற்றது. ஆறு வருடம் நிம்மதியாக இருந்துவிட்டு, ஆறு வருட மாற்றத்தை ஒரு மாதத்தில் தாண்ட வேண்டி வந்த ஒரு குழுவோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களுடைய 60 பேட்சில் 22 எதற்காக எழுதப்பட்டது என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதியவர்கள் போய்விட்டார்கள். கமிட் குறிப்பில் 'ஃபிக்ஸ்' என்ற ஒரு சொல். அந்த 22-இல் நாங்கள் கைவிட்டது 15. அவற்றில் ஒன்றை மூன்று மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. அதற்குள் அது எதற்காக என்று தெரிந்துவிட்டிருந்தது, வேண்டிய செலவில்.

*

கேள்வி: எங்கள் பேட்ச் ஒன்று உண்மையிலேயே எல்லோருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். மூலக் கெர்னலுக்கு அனுப்பலாமா? எங்களை மாதிரி சிறிய ஆட்களுடையதை எடுப்பார்களா? எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: காலம் என்று கேட்டால் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரியல்டைம் பேட்ச் தொகுப்பு மூலக் கெர்னலுக்கு வெளியே ஏறக்குறைய 20 வருடம் இருந்தது. ஒவ்வொரு கெர்னல் வரும்போதும் அதைத் தூக்கி அடுத்ததன் மேல் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியாக மாட்டிக்கொண்டிருந்தது பிரிண்ட்கே, அதாவது செய்தி அச்சடிக்கும் பகுதி. அதுவும் முடிந்து 2024 செப்டம்பரில், அந்தத் தொகுப்பை முன்னின்று நடத்திய தாமஸ் கிளைக்ஸ்னர் இறுதிக் கோரிக்கையைத் தாளில் அச்சிட்டு, பொன்னிறத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டி டோர்வால்ட்ஸிடம் நேரில் கொடுத்தார். 6.12-இல் சேர்ந்தது. நீங்கள் போகப்போவதும் அதே 6.12 என்றால், ரியல்டைமுக்காக வைத்திருந்த தனி மூட்டையைப் பெரும்பாலும் இறக்கிவைக்கலாம்.

உங்களுடையது அப்படிப்பட்ட மலை இல்லை. சிறிய, ஒரே ஒரு காரியம் செய்யும் பேட்ச் என்றால் ஆள் சிறியவரா பெரியவரா என்று பார்ப்பதில்லை. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. முதல் இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்க்கும் காலம், அந்த நேரத்தில் அனுப்பினால் யாருக்கும் பதில் எழுத நேரம் இருக்காது, தாண்டிவந்து அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். அனுப்பும் முன், பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். வெறும் எழுத்தாக, இணைப்பு எதுவும் இல்லாத மின்னஞ்சல். கீழே உங்களை அடையாளம் காட்டும் பெயரில் ஒப்பம்; அநாமதேயம் ஆகாது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்: என்ன செய்தேன் என்று எழுதுவார்கள், ஏன் என்று எழுதமாட்டார்கள். என்ன என்பது கோட்டிலேயே தெரிகிறதே.

மேலே சொன்ன அந்த சீரியல் போர்ட் வரி, அந்தப் பத்தாம் நாளுக்குப் பிறகு அதைத்தான் முதலில் அனுப்பினேன். மூன்று நாளில் பதில். இரண்டே வரி. இந்த மதிப்பு ரெஸ்யூமில் மட்டும் ஏன் வேண்டும், போர்ட்டை முதலில் திறக்கும்போது வேண்டாமா என்று கேட்டிருந்தார் அந்த டிரைவரின் பராமரிப்பாளர். எனக்குச் சுருக்கென்றது. திறக்கும்போதும் வேண்டும்தான்; அங்கே எங்கள் பூட்லோடர் (கெர்னலுக்கு முன்னால் ஓடும் நிரல்) எழுதிவைத்துவிட்டதால் எனக்குத் தெரியாமலே இருந்தது. வேறு பூட்லோடர் வைத்திருப்பவருக்கு முதல் நாளிலிருந்தே பைட் விழுந்திருக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு தொடக்க ஃபங்ஷன் அந்த டிரைவரிலேயே இருந்தது. வரியை அங்கே நகர்த்தி, காரணத்தை ஒரு பத்தியாக எழுதி மறுபடி அனுப்பினேன். காற்புள்ளி தகராறு ஒன்று வந்தது. மூன்றாம் முறை எடுத்துக்கொண்டார்கள்.

போன அப்டேட்டில் அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை.